கடல் சிவப்பைக் குடித்த நாள்

அந்தக் காலத்தில் கடலுக்கு நிறமே கிடையாது. மீனும் ஆமையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சு இருந்ததே தவிர நிறம் இல்லை. கிணற்றில் இறைத்த தண்ணீரைச் செம்பில் ஊற்றிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் கரையிலிருந்து அடிவானம் வரைக்கும் கடல் கிடந்தது. வள்ளத்தின் விளிம்பில் குனிந்து பார்த்தால் எட்டுப் பாகம் ஆழத்தில் ஒரு நண்டு எந்தக் காலை முதலில் தூக்கி வைக்கிறது என்பதுகூடத் தெரியும். பாகம் என்றால் இரண்டு கையையும் அகல விரித்து அளக்கிற அளவு. ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படி எல்லாம் தெரிவது நல்லதுதானே என்று தோன்றும். மனிதனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் நல்லதுதான். சுறாவுக்கும் தெரிந்தது. வினை அங்கேதான் இருந்தது.

அன்றைய சுறாவுக்கு மூக்கு இருந்தது. ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று இருக்க வேண்டுமே என்று இருந்ததோடு சரி. அதற்கு எல்லாமே கண்தான். கடல் உண்டான புதிதில் கடலாத்தா ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பங்கு பிரித்துக் கொடுத்தாள். ஆமைக்குப் பாசி, நாரைக்குக் கரையோரப் பொடிமீன், இப்படி. சுறாவின் முறை வந்தபோது, "என் தண்ணிக்குள்ள யாரு ரத்தம் உன் கண்ணுல படுதோ அவன் உன் பங்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். "ஆனா அவனுக்குன்னு மேல ஆள் இருந்தா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் எடுக்கணும். சொல்லாம எடுத்தா அது திருட்டு" என்றும் சேர்த்துக்கொண்டாள். சுறா தலையாட்டிவிட்டுப் போனது. அது பேராசை பிடித்த பிராணிதான், ஆனால் சொன்ன சொல் தவறாத பிராணி.

அந்தக் கரையில் சங்கு குளிப்பவர்கள் இருந்தார்கள். காலுக்கு ஒரு கல், இடுப்புக்கு ஒரு கயிறு. கல்லின் மேல் நின்றபடி அடிக்குப் போவார்கள். வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவன் இடுப்புக் கயிற்றை இழுத்து மேலே கொண்டுவருவான். கயிறு பிடிக்க யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் என்பதுதான் அப்போதைய எண்ணம். கண் இருந்தால் போதும். கயிற்றின் இடுப்பு முடிச்சைச் சாயவேரில் ஊறவைத்து நல்ல சிவப்பாக்கி வைத்திருப்பார்கள். சாயவேர் அந்த மணலில் தானாக முளைக்கிற பூண்டு. அதன் வேர் ஏற்றுகிற சிவப்பு, நூல் இற்றுப் போனாலும் வெளுக்காது. எட்டுப் பாகத்திலும் அந்த முடிச்சு பளிச்சென்று தெரியும். ஆள் இன்னும் தேடுகிறானா, மேலே வரப் பார்க்கிறானா என்பதை முடிச்சின் போக்கை வைத்தே சொல்லிவிடலாம். அதனால் கயிற்றை ஆட்டிச் சைகை காட்டுகிற வழக்கம் எதுவும் அவர்களுக்கு இல்லை. அதற்குத் தேவை வரவில்லை.

இன்னொரு வழக்கம் இருந்தது. அதற்குக் காயம் பார்த்தல் என்று பெயர். விடிந்ததும் ஒவ்வொருத்தனின் மனைவியும் கரைக்கு வந்து அவனுடைய உள்ளங்கால், விரலிடுக்கு, நகக்கண், முழங்கை எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு கீறல் இருந்தாலும் அன்றைக்கு அவன் கரையில்தான். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற மனைவிகூடப் பேசாமலேயே வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

மாயழகன் தன் அக்காள் புருஷன் வலங்கனுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வேலை கிடைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வேறு எந்த வேலைக்கும் அவன் உடம்பு வளையவில்லை. கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுகிற ஆள். வலங்கன் வள்ளத்தில் இருக்கும்போது பின்னாலிருந்து அவன் தோள் துண்டை இரண்டு தரம் சுண்டி இழுப்பான். ஓங்கி இழுக்கமாட்டான், சுருக்காக இரண்டு சுண்டு. வீட்டில் குழம்பு கேட்பதும் அப்படித்தான், எழுப்புவதும் அப்படித்தான். "வாயைத் தொறந்து கூப்பிட்டா என்ன மச்சான், முத்தா உதிர்ந்துரும்?" என்று மாயழகன் எரிந்து விழுவான். மறுநாளும் வலங்கன் துண்டைத்தான் சுண்டுவான்.

அந்த வருஷம் மாயழகனின் அக்காள் உமைச்சிக்கு மாதம் ஒன்பது. தலைப்பிள்ளை. அந்தக் கரையில் பிள்ளைக்குச் சங்கில்தான் பால் புகட்டுவார்கள். முதல் பால் புகட்டுகிற சங்கு தகப்பன் தன் கையால் எடுத்ததாக இருக்க வேண்டும். வாய் ஓரம் உடையாததாக இருக்க வேண்டும். வலங்கன் அந்தப் பருவம் முழுக்க எத்தனையோ சங்கு எடுத்துவிட்டான். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்றில் பூச்சி துளைத்திருந்தது, ஒன்றின் வாய் உடைந்திருந்தது. இதுதான் என் பிள்ளைக்கு என்று அவன் மனம் ஒன்றின் மேலும் உட்காரவில்லை.

பருவத்தின் கடைசி நாள் வந்தது. மறுநாள் கச்சான் காற்று எடுத்துவிடும் என்று மேகம் சொல்லிக்கொண்டிருந்தது. அது எடுத்தால் மூன்று மாதத்துக்குக் கடலில் இறங்க முடியாது.

விடியற்காலையில் உமைச்சி பாயிலிருந்து எழுந்திருக்க முடியாமல் தம்பியைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு என்னால கரைக்கு வர முடியாதுடா தம்பி. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நீ பாரு. உள்ளங்காலு, விரலிடுக்கு, ஒண்ணு விடாமப் பாரு."

"பாக்குறேங்க்கா."

"பாக்குறேன்னு சொல்றது வேற, பாக்குறது வேற. ஒன்னைய எனக்குத் தெரியும்."

மாயழகன் பார்க்காமல் விட்டுவிடவில்லை. அதை அவன் சார்பில் சொல்லியாக வேண்டும். கரையில் வலங்கனை உட்காரவைத்து இரண்டு காலையும் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தான். இடது குதிகாலில் நகம் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது.

"இது என்ன மச்சான்?"

"நேத்து சிப்பி கீறுனது. காஞ்சு போச்சு."

"அக்கா இருந்தா எறக்க மாட்டா."

"உங்கக்கா இல்லைல." வலங்கன் கடலைப் பார்த்தான். "மாப்ள, நாளைக்குக் காத்து எடுத்துரும். மூணு மாசம் கழிச்சு எடுக்கிற சங்கு எதுக்கு? அதுவரைக்கும் பிள்ளை வயித்துக்குள்ள பொறுத்துக்கிட்டு இருக்குமா?"

மாயழகன் காலை மடியில் வைத்துக்கொண்டே யோசித்தான். யோசிப்பது அவனுக்கு எப்போதாவது நடக்கிற காரியம். நடக்கும்போது அதன்மேல் அவனுக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிடும். வள்ளத்தின் ஓட்டையை அடைக்கிற குங்கிலியச் சட்டி பக்கத்தில் இருந்தது. அவன் அதில் விரலை விட்டு ஒரு உருண்டை எடுத்தான்.

"வள்ளத்து ஓட்டைய அடைக்கிற குங்கிலியம் ஒன் குதிகாலை அடைக்காதா?"

இரண்டு பேருமே சிரித்தார்கள். கீறலின் மேல் குங்கிலியத்தை அப்பி, கட்டைவிரலால் தேய்த்து, பளபளவென்று ஆக்கிவிட்டான். பலகைக்குச் சரியாக இருப்பது தோலுக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டான். பலகை மடங்காது. குதிகால் மடங்கும்.

முதல் தரம் வலங்கன் இறங்கி இரண்டு சங்கோடு வந்தான். இரண்டும் வாய் உடைந்தவை. இரண்டாம் தரம் வெறுங்கையோடு வந்தான். மூன்றாம் தரம் கல்லின் மேல் ஏறி நின்று, மூச்சை இழுத்து, கையைக் காட்டினான். மாயழகன் கல்லை விட்டான். கயிறு அவன் விரல்களுக்கு இடையில் ஓடியது. வழக்கம்போல மனதுக்குள் எண்ணத் தொடங்கினான். வலங்கனின் மூச்சு நூற்றிருபது எண்ணுகிற வரை தாங்கும். ஒரே ஒரு தரம் நூற்று முப்பது போயிருக்கிறது. அன்றைக்கு மூக்கில் ரத்தத்தோடு வந்தவன் ஒரு வாரம் வீட்டில் படுத்துக் கிடந்தான்.

முப்பது எண்ணும்போது சிவப்பு முடிச்சு அடித்தரையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வலங்கன் ஒரு பாறை இடுக்கில் எதையோ கண்டுவிட்டு, கால்விரலை ஊன்றி எக்குவது தெரிந்தது. குதிகால் மடங்கியது. அப்போது முடிச்சுக்குக் கீழே இன்னொரு சிவப்பு தெரிந்தது.

முடிச்சின் சிவப்பு இருந்த இடத்தில் இருக்கும். இந்தச் சிவப்பு புகைந்தது. குதிகாலிலிருந்து நூலாகக் கிளம்பி, மேலே வரவர விரிந்தது.

"மாயழகா, கும்பிடுறேன்."

வள்ளத்தின் பக்கவாட்டில், கைக்கு எட்டுகிற தூரத்தில், சுறா தலையை உயர்த்திக்கொண்டு நின்றது. வயதான சுறா. முதுகில் பழைய தழும்புகள். குரலில் ஒரு அவசரமும் இல்லை.

"கீழ நிக்கிறது ஒன் அக்கா புருஷன்தானே? வழக்கப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அவன் என் பங்கு."

நாற்பத்தைந்து.

"ஒரு பொட்டு ரத்தம்தான்" என்றான் மாயழகன். "சிப்பி கீறுன கீறல்."

"இத்தனை பொட்டுக்கு மேலன்னு ஆத்தா அளவு சொல்லலையே."

"இப்பவே இழுத்துருவேன்."

"இழு. நான் கையைப் பிடிக்கலை. எட்டுப் பாகத்துக்கு நீ இருபது தடவை வாங்கி இழுக்கணும். எனக்கு வாலை ஒருதரம் வீசுனாப் போதும். இழுக்க இழுக்க காயம் வாயைப் பொளக்கும், ரத்தம் இன்னும் பொங்கும். வள்ளத்துல ஏறிட்டான்னா அவன் ஒன் ஆளு, நான் கேக்கமாட்டேன். ஏத்த முடியுமான்னு நீயே பாத்துக்க."

அறுபது. மாயழகனுக்கு அந்தக் கணக்கு புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை. கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, வள்ளத்தின் விளிம்பில் நெஞ்சைச் சாய்த்து, தண்ணீரைத் தொட்டுக் கத்தினான்.

"ஆத்தா! கடலாத்தா!"

வள்ளம் அடியில் யாரோ தோள் கொடுத்துத் தூக்கியது போல ஒருமுறை எழும்பி அமர்ந்தது. கடலாத்தா பேசினால் காதில் கேட்காது. உட்கார்ந்திருக்கும் பலகையில் கேட்கும்.

"அந்தக் காயத்தோட அவனை யாரு எறக்குனது?"

பக்கத்தில் நான்கு வள்ளங்கள் நின்றன. அவற்றில் இருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பொய் சொல்ல நேரம் இல்லை, மறைத்துப் பேச இடமும் இல்லை.

"நான்தான் எறக்குனேன். காயத்தைப் பாத்தேன், பாத்துட்டுத்தான் எறக்குனேன். அக்கா என்னை நம்பித்தான் விட்டா."

"சுறாவுக்கு நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். ஒனக்காக மாத்த முடியாது."

"மாத்த வேணாம் ஆத்தா. சுறா கண்ணுல பட்டாத்தானே அதுக்குப் பங்கு? படாமப் பண்ணு. ஒன் தண்ணியில இருக்கிற சிவப்பை நீ குடிச்சுரு."

எழுபத்தைந்து. சுறா முதல்தடவையாக அவனைக் கூர்ந்து பார்த்தது.

"சொல்றது லேசு" என்றாள் கடலாத்தா. "நான் குடிச்சா ஒருத்தன் ரத்தத்தை மட்டும் குடிக்க முடியாது. எனக்குள்ள எறங்குற வெயில்ல இருக்கிற அத்தனை சிவப்பையும் குடிக்கணும். ஒன் முடிச்சும் அதோட போயிரும். அவன் எங்க நிக்கிறான், சுறா எங்க நிக்குதுன்னு ஒனக்கும் தெரியாது. தெரியாம இழுத்தா, நீயே அவனைக் கொண்டுபோய் அதோட வாயில வெப்ப. அப்புறம் இன்னொண்ணு. குடிச்சதைத் திருப்பித் துப்ப எனக்குத் தெரியாது."

எண்பத்தைந்து. மாயழகன் கீழே பார்த்தான். சிவப்பு முடிச்சு தெரிந்தது. அவன் இத்தனை வருஷம் செய்த வேலை அந்த முடிச்சைப் பார்த்ததுதான். அதுவும் போய்விட்டால் அவன் வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவன். பயமாக இருந்தது. அதைவிட, சாயங்காலம் வீட்டு வாசலில் போய் நின்று அக்காள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பது பயமாக இருந்தது.

"குடி ஆத்தா" என்றான்.

சுறா அதற்குமேல் காத்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று தலைகீழாகத் திரும்பி ஆழத்துக்குப் பாய்ந்தது.

கடலாத்தா குடித்தாள். ஒரேயடியாகக் குடிக்கவில்லை. பாகத்துக்கு ஒரு மடக்காக, மேலிருந்து கீழே குடித்துக்கொண்டே போனாள். வெயிலிலிருந்து சிவப்பை மட்டும் உருவி எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. அந்த மிச்சம் இப்போது தெரிந்தது. அடியில் வெள்ளையாகக் கிடந்த மணலின் மேல் ஒரு நிறம் ஊறிப் பரவியது. நீலம் என்று சொல்லப் போனால் பச்சை அடித்தது. பச்சை என்று சொல்லப் போனால் நீலம் அடித்தது. மயில் கழுத்துக்குப் பக்கத்தில் வருகிற நிறம், ஆனால் அதைவிட வெளிச்சமானது. பக்கத்து வள்ளங்களில் இருந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். உலகத்தில் அவ்வளவு அழகான ஒன்றை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. மாயழகனுக்கு அது பிணத்தின் மேல் போர்த்திய துணியாகத் தெரிந்தது.

சிவப்பு முடிச்சு பழுப்பானது. பழுப்பு கறுப்பானது. பாறை நிழலோடு நிழலாகக் கலந்து போனது.

தொண்ணூற்றெட்டு. அவன் கண்ணைக் கொட்டாமல் பார்த்தான். ஆழத்தில் கறுப்பாக ஏதேதோ அசைந்தன. அதில் எது மச்சான், எது சுறா, எது பாசி என்று சொல்ல முடியவில்லை. பார்க்கப் பார்க்கப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து தண்ணீர் மேல் கயிறு பிடித்துக்கொண்டு அவன் எத்தனையோ தரம் கண்ணை மூடியிருக்கிறான். விழித்துக்கொண்டு மூடியது அதுதான் முதல்தரம்.

நூற்றைந்து. கயிறு விரலில் இருந்தது. அது இத்தனை விஷயம் சொல்லும் என்று அவனுக்குத் தெரியாது. நீரோட்டம் அதை மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளுவது தெரிந்தது. வள்ளம் ஏறி இறங்கும்போது அது இறுகித் தளர்வது தெரிந்தது.

நூற்றுப் பதின்மூன்று. திடீரென்று கயிறு பலமாக ஒரு பக்கம் இழுபட்டது. மாயழகனின் கை தானாக வாங்கத் தொடங்கியது. அரைப் பாகம் வாங்கியிருப்பான். சட்டென்று நிறுத்தினான். மச்சான் இழுத்தால் கீழ்நோக்கி இழுப்பான். இது குறுக்காக இழுக்கிறது. கயிற்றின் மேல் சொரசொரப்பான ஏதோ ஒன்று உரசிக்கொண்டு போவது விரல் நுனியில் வந்து அதிர்ந்தது. சுறாவின் தோல். அது கயிற்றைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தது.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். கீழே இருப்பவனோடு சேர்ந்து தானும் மூச்சில்லாமல் இருந்தால் ஏதோ நியாயம் செய்கிறது போல இருந்தது.

நூற்றிருபது. இழுத்துவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. பக்கத்து வள்ளத்திலிருந்து யாரோ, "இழுடா, ஆளு செத்துருவான்" என்று கத்தினார்கள். அவன் இழுக்கவில்லை. நூற்றிருபத்திரண்டு. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நூற்றிருபத்து நான்கு.

கயிறு இரண்டு தரம் சுண்டியது. ஓங்கி இல்லை, சுருக்காக இரண்டு சுண்டு.

மாயழகன் எழுந்து நின்று இழுத்தான். கை தோலுரிந்தது. எத்தனை தடவை வாங்கி இழுத்தான் என்று பிறகு மற்றவர்கள் கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது தண்ணீருக்குள் வலங்கனின் தலை ஏறி வந்துகொண்டிருந்தது. முகம் பச்சையாக இருந்தது. குதிகாலுக்குப் பின்னால் பச்சையாக ஒரு நூல் நீண்டிருந்தது. செத்தவனைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. உயிருள்ளவனுக்கு ரத்தம் பச்சையாக ஓடுமா? ஆனாலும் இழுத்தான். ஒரு பாகம் மேலே வந்தது, பச்சை பழுப்பானது. வலங்கனின் அக்குளில் கைகொடுத்து வள்ளத்துக்குள் புரட்டிப் போட்டான். கால் பலகையில் விழுந்தது. குதிகாலிலிருந்து வழிந்த ரத்தம் வெயிலில் செக்கச் செவேலென்று இருந்தது.

ரத்தத்தைப் பார்த்து ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்தக் கரை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. மாயழகன் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

வலங்கன் இருமித் தண்ணீரைக் கக்கினான். பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

"என் காலுலருந்து பச்சையா வந்துச்சு மாப்ள. செத்துட்டேன்னு நெனச்சேன். மண்ணோட மண்ணாப் படுத்துக்கிட்டேன். சுறா என் முதுகு மேல உரசிக்கிட்டே போச்சு. பச்சையப் பாத்துச்சு. பாசின்னு நெனச்சு விட்டுட்டுப் போயிருச்சு."

அவன் வலது கை இன்னும் மூடியிருந்தது. விரலைப் பிரித்தான். உள்ளே கைப்பிடி அளவுக்கு ஒரு சங்கு இருந்தது. வாய் ஓரம் உடையவில்லை.

சுறா மேலே வந்தது. அதன் கண்ணில் இப்போது பழைய நிதானம் இல்லை.

"கண்ணைக் கட்டிட்டியே ஆத்தா. எனக்குக் கொடுத்த பங்கு என்னாச்சு?"

"பங்கு அப்படியேதான் இருக்கு" என்றாள் கடலாத்தா. "கண்ணால தேடுற காலம் போச்சு. மூக்குன்னு ஒண்ணு சும்மா கெடக்குல, அதை வெச்சுத் தேடு. இனிமே மேல வந்து யாருகிட்டயும் சொல்லிட்டுப் போக வேண்டியதும் இல்லை."

சுறா அசையாமல் நின்றது. பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, தண்ணீரை மூக்கால் இழுத்தது. வள்ளத்தின் பலகை இடுக்கு வழியாக ஒரு சொட்டு ரத்தம் கடலில் விழுந்திருந்தது. சுறா தலையை மெதுவாகச் சரியாக அந்தப் பக்கம் திருப்பியது.

"கெடைச்சிருச்சு" என்றது. மனிதரோடு அது பேசிய கடைசிச் சொல் அதுதான்.

கரையில் பெரிய பேச்சாகிவிட்டது. சிவப்பு மீன்கள் எல்லாம் ஆழத்திலிருந்து, இவ்வளவு சிவப்பையும் பூசிக்கொண்டு இப்படிக் கறுப்பாகத் தெரிகிறோமே என்று முதலில் புலம்பின. சுறா பக்கத்தில் வந்து பார்க்காமல் தாண்டிப் போன பிறகு புலம்பலை நிறுத்திக்கொண்டன. மனிதர்கள் நிறுத்தவில்லை. மாயழகன் கையில் இனிமேல் கயிறு கொடுக்கக் கூடாது என்று நான்கு வள்ளத்துக்காரர்களும் ஒரே வாயாகச் சொன்னார்கள். காயத்தைக் கண்டும் இறக்கியவன். அவனால் கடலே கெட்டுப்போயிற்று. முடிச்சு தெரியாமல் இனி எப்படித் தொழில் செய்வது? அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை.

மாயழகன் வலங்கனைத் தாங்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனான். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் அவனே அக்காளிடம் எல்லாவற்றையும் சொன்னான். குங்கிலியத்தை அப்பியதைச் சொன்னான். அப்போது சிரித்ததையும் சொன்னான். உமைச்சி புருஷனின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஒட்டிக்கொண்டிருந்த குங்கிலியத்தை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தாள். வாசலில் நின்ற வள்ளத்துக்காரர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பாருன்னு சொன்னேன்" என்றாள் கடைசியில்.

"பாத்தேங்க்கா. பாத்துட்டு எறக்குனேன்."

"இதை என்னைக்கும் நான் மறக்கமாட்டேன். நீயும் மறக்காத." பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். "அடுத்த பருவத்துக்கும் இவன்தான் கயிறு பிடிப்பான்."

யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அவள் விடவில்லை.

"கண்ணு இருக்கிறவன் எவன் வேணும்னாலும் பிடிக்கலாம்ங்கிறது இன்னைக்கோட போச்சு. இனிமே மேல இருக்கிறவனுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. கீழ ஒருத்தன் செத்துட்டா, கயிறு பிடிச்சவன் எங்க போவான்? அவன் வீட்டுக்குப் போவான். ரெண்டு நாள் வருத்தப்படுவான், அப்புறம் சோறு திம்பான். என் தம்பி எங்க போவான்? அவன் இந்த வாசலுக்குத்தான் வரணும். எங்கிட்டத்தான் வந்து சொல்லணும். அந்தப் பயம் இருக்கிறவன் கையிலதான் என் புருஷன் கயிறு இருக்கணும். நீங்க ஒங்க கயித்தை யாருகிட்ட கொடுக்கிறீங்கன்னு ஒங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்டப் போய்க் கேளுங்க."

அவர்கள் போய்க் கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது.

மூன்றாம் நாள், கச்சான் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, உமைச்சிக்குப் பெண் பிறந்தது. அந்தச் சங்கில் பால் ஊற்றிப் புகட்டினார்கள். மாயழகன் பிள்ளையின் உள்ளங்காலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு காலையும், எட்டு விரலிடுக்கையும் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தான்.

கரையோரக் கடல் இன்றும் அந்த நிறத்தில்தான் கிடக்கிறது. ஒருவர் நீலம் என்கிறார், ஒருவர் பச்சை என்கிறார். இரண்டு பேரையும் பொய் என்று சொல்ல முடியாது. ஒரு கை அள்ளிப் பார்த்தால் நிறம் இருக்காது. கையளவுத் தண்ணீருக்கு ஒரு மடக்குச் சிவப்பைக் குடிக்கிற அளவுக்கு ஆழம் ஏது? ஆழம் போகப் போகத்தான் அவள் குடிக்கிறாள். சுறா இன்றும் சொல்லாமல்தான் வருகிறது. கீழே இருப்பவன் இன்றும் இரண்டு தரம்தான் சுண்டுகிறான்.

அன்று முதல்தான் அந்தக் கரையில் சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்தவன் மட்டுமே பிடிக்கிறான். பிடித்திருக்கும்போது அவ்வளவு அழகான கடலை அவன் கண்ணைத் திறந்து பார்ப்பதே இல்லை.